பாரதப் பிரஜையான ஹால்டேன்

1964-ம் வருஷத்து டிசம்பர் மாதம் என்றால் இராமநாதபுரம் கரையோரத்து ஜனங்களின் நினைவில் எழுவது ஒன்றே. அம்மாதம் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் கடல் பொங்கித் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியையும் அதில் இருந்தோரையும் வாரிக்கொண்டு போயிற்று. அதே மாதம் முதல் தேதியன்று, இதே வங்கக் கடலின் வடபால் உள்ள ஒரிஸாவின் தலைநகராகிய புவனேசுவரத்தில் ஒரு பெரியார் காலமானார். தனுஷ்கோடியின் துயரத்தின் முன் அந்த மரணச் செய்தி மங்கிப்போயிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அவரை மறந்துவிடுவது நமக்கு அழகன்று.

ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆங்கில நாட்டிற் பிறந்து பாரதப் பிரஜையாய் மரித்தவர். பெற்றோரிடமிருந்து மக்களுக்கு எக் குணங்கள் சேர்ந்து வருகின்றன, எவை பிரிந்து வருகின்றன என்ற கணக்கை உலகுக்குக் கற்பித்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர். குலத்தையும் நிறத்தையும் இரத்தத்தையும் பற்றி ஓயாது வாதாடும் நம் நாட்டில், பொதுவேலையில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அவர் சரித்திரத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

ஹால்டேன் 1892-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் சுவாசத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றவர். சுரங்கங்களில் விஷவாயுவுக்கு இரையாகும் தொழிலாளரையும், கடலடியில் வேலை செய்யும் மூழ்காளிகளையும் காப்பாற்றும் வழிகளைத் தேடியவர். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வரும் மூழ்காளியின் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் தோன்றி அவனை முடமாக்குவதைத் தடுக்க, படிப்படியாக நின்று நின்று ஏறும் முறையை 1908-ல் அட்டவணையாக வகுத்துக் கொடுத்தார். இந்தச் சோதனைகள் நடந்த காலத்தில் 13 வயதுச் சிறுவனாயிருந்த மகனும் மூழ்கும் உடையணிந்து கடலில் இறக்கப்பட்டான். சங்குகுளிப்போர் வாழும் கீழக்கரைப் பக்கத்தாருக்கு இந்தத் தந்தையும் மகனும் செய்த வேலையின் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய சோதனையை முதலில் தன் தேகத்திலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற விரதத்தை மகன் தந்தையிடமிருந்து கற்றார்; வாழ்நாள் முழுதும் அதைக் கைவிடவில்லை.

எட்டு வயதிலேயே தந்தையார் அவரை ஒரு பிரசங்கத்துக்கு அழைத்துச் சென்றார். பிரசங்கி டார்பிஷயர், விஷயம் மெண்டல் கண்ட பரம்பரை விதிகள். பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பாதிரியார் மெண்டல் 1866-ல் வெளியிட்ட அந்த விதிகள் 34 வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900-ல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. செடியின் உயரம், விதையின் நிறம் முதலிய குணங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சந்ததிக்குப் போகின்றன என்பது மெண்டலின் முடிவுகளில் ஒன்று. ஆனால் இந்த முடிவுக்கு விலக்கு உண்டென்பது விரைவில் புலனாயிற்று. 1905-ல் இங்கிலாந்தில் பேட்ஸனும் அவருடைய துணைவர்களும் வாசனைப் பட்டாணிச் செடிகளில் மலரின் நிறமும் மகரந்தத்தின் வடிவமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதைக் கண்டனர். காரணம் அவர்களுக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் மார்கன் என்பார் பழ ஈக்களை வளர்த்து 1911-ல் காரணத்தைச் சொன்னார்.

அந்தக் காரணம் நம் கரையோரத்தாருக்கு எளிதில் விளங்கும். நீண்ட கயிறொன்றில் வரிசையாகப் பல தூண்டில்களைக் கட்டிக் கடலில் விடுகிறோம். கயிற்றை இழுத்தால் தூண்டில்கள் யாவும் ஒன்றாகவே வருகின்றன. உயிரணுவுக்குள் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன, அவையே கயிறுகள். குணங்களை நிர்ணயிக்கும் ஜீன்கள் அவற்றில் வரிசையாக அமைந்த தூண்டில்கள். மனிதனுக்கு இந்தக் கயிறுகள் 23 ஜோடி. ஜோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒருவன் தன் பிள்ளைக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு கயிற்றையே கொடுக்கிறான். அப்படிக் கொடுப்பதற்குமுன் ஜோடியான இரண்டு கயிறுகளும் பக்கத்திற் பக்கம் படுத்து, நேர்க்கு நேரான இடங்களில் அறுந்து, ஒன்றின் துண்டு மற்றொன்றோடு மாறி ஒட்டிக்கொள்கின்றன. அடுத்தடுத்துக் கட்டிய இரு தூண்டில்களுக்கு நடுவே கயிறு அறுவது அரிது. ஆகவே அவை சேர்ந்தே போகின்றன. வெகுதூரத்தில் உள்ள இரண்டுக்கும் நடுவே அறுவது அடிக்கடி நிகழும். ஆகவே அவை பிரிந்து போகின்றன. எத்தனை தடவை பிரிகின்றன என்று எண்ணினால், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். மார்கனுடைய மாணவர் ஸ்டர்டெவன்ட் 1913-ல் இந்த யுக்தியைக் கொண்டே ஈயின் ஒரு குரோமோசோமுக்கு முதல் படம் வரைந்தார்.

ஈயில் கண்டது பாலூட்டும் பிராணிகளிலும் உண்டா? இந்தக் கேள்விதான் இளைஞர் ஹால்டேனைப் பற்றிக்கொண்டது. தங்கை நயோமியும் அவரும் வீட்டுப் புல்வெளியில் கினிப் பன்றிகளை நூற்றுக்கணக்கில் வளர்த்து வம்ச விருத்தியைக் குறித்து வந்தார்கள். டார்பிஷயர் எலிகளைப் பற்றி முன்பு வெளியிட்டிருந்த கணக்குகளைப் படிக்கையில், இரு குணங்கள் தனித்தனியே போகாமல் சேர்ந்து போவதன் அடையாளம் ஹால்டேனுக்குத் தென்பட்டது. தாமே எலிகளை வளர்த்துச் சோதித்தார். நண்பர் ஸ்ப்ரண்டும் நயோமியும் துணை நின்றனர். ரோமம் முழுவதும் வெளுத்திருக்கச் செய்யும் ஜீனும், கண்களை இளஞ்சிவப்பாக்கி ரோமத்தின் நிறத்தை மங்கச் செய்யும் ஜீனும் ஒரே இழையில் அமைந்தவை என்று நிரூபணமாயிற்று. இதற்குள் 1914-ம் வருஷத்து மகாயுத்தம் மூண்டுவிட்டது. ஹால்டேன் பிளாக் வாட்ச் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குச் சென்றார். ஆராய்ச்சி 1915-ல் பிரசுரமாகுமுன்பே ஸ்ப்ரண்ட் போர்க்களத்தில் உயிர் துறந்துவிட்டார்.

பின்னர் ஹால்டேன் மெஸபொட்டேமியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே காயமுற்றுச் சிகிச்சைக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். நம் நாட்டை அவர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். ஆள வந்த ஜாதியாரில் ஒருவராக அன்றிச் சமமான மனிதராக இந்நாட்டாரோடு பழகும் காலம் வரும்போது திரும்பி வருவது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் அன்றே வேரூன்றியது.

யுத்தம் முடிந்த மறு வருஷமே, அதாவது 1919-ல், அவர் வெளியிட்ட கட்டுரை இந்தச் சாஸ்திரத்துக்கு அளவுகோலைத் தந்தது. கஷ்டம் இதுதான்: மண்டபத்திலிருந்து ஒருவன் காலையில் பாம்பன் ஜலசந்தியைக் கடந்து தீவுக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகிறான். இரவில் மட்டும் தலை எண்ணும் அதிகாரி அவனை மண்டபத்திலேயே காண்பான். கடக்கவே இல்லை என்று எழுதிக்கொள்வான். அதுபோலவே, தூரமான இரு ஜீன்களுக்கு நடுவே இழை இரண்டு தடவை அறுந்து மாறினால், பழைய சேர்க்கையே மீண்டும் தோன்றும்; மாறியதே கணக்கில் வராது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பிரிவுகளை மட்டும் எண்ணினால் தூரம் குறைவாகவே தோன்றும். எவ்வளவு தூரமானாலும் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 50-ஐத் தாண்டாது. காணும் எண்ணிக்கையிலிருந்து உண்மைத் தூரத்தைக் கணிக்கும் சூத்திரத்தை ஹால்டேன் வகுத்தார். தூரத்தின் அலகுக்கு மார்கனின் பெயரையே சூட்டினார். அதன் நூற்றில் ஒரு பங்காகிய சென்டிமார்கன் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. கணிதமும் கிரேக்க லத்தீன் இலக்கியமும் பயின்றவர் இவர். விஞ்ஞானத்தில் பட்டம் ஏதும் பெற்றவரல்லர் என்பதை நம் கலாசாலை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பத்து வருஷம் ஆசிரியராயிருந்தபின், 1933-ல் லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் பேராசிரியரானார். மனிதனில் ஒரே இழையில் அமைந்த இரு ஜீன்களின் தூரத்தை அளக்கும் முயற்சி அங்கேதான் பலித்தது. எலியைப் போல மனிதனை வளர்த்துச் சோதிக்க இயலாது, பிள்ளைகளும் சிலரே. ஆகவே குடும்ப வரலாறுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். ஜூலியா பெல் என்ற பெண்மணி பல்லாண்டு உழைத்துச் சேர்த்திருந்த வம்சாவளிகளை வைத்துக்கொண்டு, 1937-ல் இருவரும் சேர்ந்து முடிவை வெளியிட்டனர். எடுத்துக்கொண்ட குணங்கள் இரண்டு: காயம்பட்டால் இரத்தம் உறையாமல் ஓடும் ஹீமோபிலியா வியாதி ஒன்று, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குருடு மற்றொன்று. இரண்டும் எக்ஸ் என்ற குரோமோசோமில் அமைந்தவை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றே, அதுவும் தாய் தந்தது. ஆகவே தாய் சுகமாயிருக்க, பிள்ளைகள் வியாதியால் வருந்துவார்கள். இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பட்டம் சூட்டிக்கொண்ட விக்டோரியா மகாராணியின் வம்சத்திலும் ஹீமோபிலியா புகுந்து, ருஷ்ய ஜார் மன்னரின் ஒரே குமாரன்வரை சென்றது. அரண்மனை இரத்தத்துக்கென்று இயற்கை தனிச் சட்டம் வைத்திருக்கவில்லை.

ஹால்டேனும் ஸ்மித்தும் 1947-ல் செய்த இரண்டாவது கணக்கின்படி இந்த இரு ஜீன்களும் பிரிவது நூற்றுக்குச் சுமார் பத்துத் தடவை. ஹீமோபிலியாவில் இரு வகை உண்டென்றும், பெருவாரியான வகையே நிறக்குருட்டுக்கு மிக அண்மையில் இருப்பதென்றும், மற்றொன்று தூரத்தில் இருப்பதென்றும் பிற்காலத்தில் தெரிந்தது. விக்டோரியா வம்சத்தில் இருந்தது தூரத்து வகையே என்று 2009-ல் ஜார் குடும்பத்தாரின் எலும்புகளைச் சோதித்துக் கண்டனர்.

இந்த ஆராய்ச்சியில் நம் தேசத்தாருக்கு வேண்டிய சாரம் ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பத்தில் வியாதியும் நிறக்குருடும் தாயின் ஒரே எக்ஸில் அமைந்திருக்கின்றன. அங்கே நிறக்குருடனான பிள்ளைக்கே பெரும்பாலும் வியாதி வரும். இன்னொரு குடும்பத்தில் வியாதி ஓர் எக்ஸிலும் நிறக்குருடு மற்ற எக்ஸிலும் இருக்கின்றன. அங்கே நிறக்குருடனான பிள்ளையே பெரும்பாலும் தப்புவான். முதல் வீட்டில் ஆபத்துக்கு அடையாளமாயிருப்பது இரண்டாவது வீட்டில் க்ஷேமத்துக்கு அடையாளம். ஆகவே நிறக்குருடரைக் கண்டால் ஹீமோபிலியா என்று பொதுவாகச் சொல்வது வெறும் பிதற்றல். ஜீன்களின் கூட்டுறவு குடும்பத்துக்குள் செல்லும் சாட்சி. ஊருக்கும் ஜாதிக்கும் தேசத்துக்கும் அது சாட்சியாகாது.

தலைமுறைகள் செல்லச் செல்ல அந்தக் கூட்டும் தளர்கிறது. நூற்றுக்குப் பத்துத் தடவை பிரியும் இரு ஜீன்கள் ஒரு ஜனசமூகத்தில் முதலில் எப்போதும் சேர்ந்தே இருந்தன என்று வைத்துக்கொண்டாலும், தாராளமாய்க் கலந்து மணம் நடக்குமானால் ஏழு தலைமுறையில் அந்தச் சேர்க்கை பாதியாகிவிடும். ஐம்பது தலைமுறையில் இருநூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மிக நெருங்கி இருப்பவை மட்டுமே நெடுங்காலம் ஒட்டியிருக்கும். தோலின் நிறத்தைக் கண்டு புத்தியை அளப்பவனும், மூக்கின் வடிவைக் கண்டு குணத்தைத் தீர்மானிப்பவனும் இந்தச் சிறு கணக்கை அறியாதவர்கள். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி இத்தகைய பொய்ச் சாஸ்திரத்தைச் சட்டமாக்கிக் கொலை செய்யத் துணிந்த காலத்தில், ஹால்டேன் 1938-ல் பரம்பரையும் அரசியலும் என்ற பொருளில் ஒரு நூல் எழுதி, இனப் பெருமைக்கும் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கும் விஞ்ஞான ஆதாரம் இல்லை என்பதை எடுத்துக்காட்டினார்.

அவர் எழுத்தோடு நின்றவரல்லர். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் சேர்ந்து, குண்டுவீச்சினின்றும் விஷவாயுவினின்றும் ஜனங்களைக் காக்க ஆலோசனை கூறினார். 1939-ல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டபோது, தொழிற்சங்கங்களின் வேண்டுகோளுக்கிணங்கிக் காற்றழுத்த அறைக்குள் தாமே அடைபட்டுச் சோதனை செய்தார். அத்தகைய சோதனைகளில் வலிப்புக் கண்டு முதுகெலும்பிலும் காயம் பட்டது. தொழிலாளர் பத்திரிகையில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகளை எளிய நடையில் எழுதினார்.

ஆனால் குறையை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. அவர் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்திருந்தார். சோவியத் ருஷ்யாவில் லைசென்கோ என்பவர் ஜீன் சாஸ்திரமே பொய்யென்று கூறி அதிகாரத்தின் பலத்தால் மேலோங்கினார். பயிர்களின் மூலத்தை உலகெங்கும் தேடிய மேதை வாவிலோவ் 1943-ல் சிறையில் இறந்தார். 1948-ல் மெண்டல் வழி ஆராய்ச்சியே அங்கு ஒடுக்கப்பட்டது. இவ்வளவுக்கும் ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்காமல் மழுப்பலாகவே பேசி வந்தார். 1950-ஐ ஒட்டித்தான் கட்சியைவிட்டு விலகினார். தேகத்தைச் சோதனைக்கு ஒப்படைக்க அஞ்சாதவர், கட்சிக்கெதிராக உண்மையைச் சொல்லத் தயங்கினார். கட்சிப் பற்று எத்தகைய அறிவாளியின் நாவையும் கட்டிவிடும் என்பதற்கு இதைவிட எச்சரிக்கை நமக்கு வேண்டியதில்லை.

1956-ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கியது. அத்தகைய அரசின் பிரஜையாயிருக்க மனமில்லை என்பதை ஒரு காரணமாக அறிவித்து, 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் ஹால்டேன் கல்கத்தாவுக்கு வந்து, மகலநோபிஸ் ஸ்தாபித்த இந்தியப் புள்ளிவிவர நிலையத்தில் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார், மாமிசத்தை விட்டார். 1961-ல் பாரதப் பிரஜையானார். தாம் ஆசிரியராயிருந்து நடத்திய ஜர்னல் ஆப் ஜெனடிக்ஸ் என்ற பத்திரிகையையும் உடன் கொண்டுவந்தார். இன்று பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞான அகாடமி அதை நடத்துகிறது.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த நம் இளைஞருக்கு அவர் எண்ணக் கற்பித்தார். பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணச் சொன்னார். தென்னை ஆராய்ச்சியாளர் டி. ஏ. டேவிஸுக்கு ஊக்கம் தந்தார். தென்னை மரத்தில் மட்டைகள் சுற்றிவரும் வரிசை சிலவற்றில் வலஞ்சுழி, சிலவற்றில் இடஞ்சுழி. சங்கில் வலம்புரி கிடைத்தற்கரியது. தென்னையிலோ இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. தாய்மரத்தின் சுழி கன்றுக்கு வருகிறதா என்று தேடியதில், வருவதில்லை என்பதே டேவிஸின் முடிவு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் குணம் யாவும் பரம்பரையாய் வந்ததென்று எண்ணலாகாது என்பதற்கு இராமேசுவரத்துத் தென்னந்தோப்புகளே சாட்சி.

உறவுக்குள் செய்யும் மணங்களையும் ஆராயும்படி அவர் தூண்டினார். மாணவர் கிருஷ்ணா துரோணம்ராஜு முதலியோர் ஆந்திர நாட்டில் கணக்கெடுத்தனர். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறைப்பெண்ணைக் கொள்வது நம் கரையிலும் நீண்டநாள் வழக்கம். அத்தை மக்கள், மாமன் மக்கள் மணந்து பெறும் பிள்ளைக்கு, ஒரே மூதாதையிடமிருந்து ஒரே ஜீன் இருவழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு 16-ல் 1; தாய்மாமனும் மருமகளும் மணந்தால் 8-ல் 1. மறைந்து கிடந்த வியாதி ஜீன் வெளிப்படுவது இவ்வழியில்தான். தூண்டிற் கயிற்றை நினைத்துக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும்: இரு கயிறுகளும் ஒரே மாதிரியானால், எத்தனை தடவை அறுந்து மாறி ஒட்டினாலும் பழைய கயிறே கிடைக்கும். புதுச் சேர்க்கை பிறக்க வேண்டுமாயின் கயிறுகள் வேறு வேறாயிருத்தல் வேண்டும். இத்தகைய மணத்தில் பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சுகமாகவே இருக்கிறார்கள். எனவே பீதி வேண்டாம். ஆனால் குடும்பத்தில் பரம்பரை வியாதி உண்டென்று தெரிந்தும் முறை விட்டுப்போகுமே என்று மணம் முடிப்பது அறிவுடைமையாகாது.

கல்கத்தா நிலையத்தோடு கருத்து வேற்றுமை ஏற்பட்டு விலகிய ஹால்டேன், 1962-ல் ஒரிஸா சர்க்காரின் அழைப்பை ஏற்றுப் புவனேசுவரத்தில் ஆராய்ச்சிச் சாலை அமைத்தார். அது வேரூன்றுமுன்பே புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராய வைத்தியக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அனுப்பப்பட்டது. பிறந்தது முதல் சோதனைக்கு ஒப்படைத்த தேகம் இறந்த பின்னும் அப்பணியிலேயே கழிந்தது.

அவர் அளவுகோல் அவரோடு போகவில்லை. தென் அமெரிக்காவில் வெனிசூலா நாட்டு மரக்காய்போ ஏரிக்கரை மீனவக் குடியிருப்புகளில், நடுவயதில் நரம்பைத் தாக்கிக் கொல்லும் ஹண்டிங்டன் வியாதி பல தலைமுறையாய் இருந்துவந்தது. பெரிய குடும்பங்கள் இரத்தம் தந்து உதவ, வியாதியோடு சேர்ந்து வரும் அடையாளம் நான்காவது குரோமோசோமில் இருப்பது 1983-ல் தெரிந்தது. அதைப் பற்றிக்கொண்டு தேடி 1993-ல் ஜீனையே கண்டுபிடித்தனர். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரின் வம்ச நினைவும் மனிதகுலத்துக்குப் பயன்பட்ட வரலாறு இது. நம் கரையோரத்துக் குடும்பங்களிலும் பரம்பரை வியாதியைப் பாவமென்றும் சாபமென்றும் மறைக்காமல், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று மூன்று தலைமுறையை ஒழுங்காக எழுதி வைத்தியரிடம் காட்டும் பழக்கம் பரவ வேண்டும். பொதுவேலை செய்யும் இளைஞர் இதைத் தங்கள் கடமைகளில் ஒன்றாகக் கொள்வாராக. குலப்பெருமை பேசுவதற்கு வம்சாவளி எழுதியது போதும். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கு எழுதத் தொடங்குவதே பாரதப் பிரஜை ஹால்டேனுக்கு நாம் செலுத்தும் தகுந்த மரியாதை.